கேடி சொன்னதும் கேடி செய்ததும்

1989 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமையிலேருந்து நீ கோல்ஃப் கத்துக்கப்போற" என்றார். நாங்கள் வால்வு விற்கிற கம்பெனி. வால்வு வாங்கக்கூடிய பெரிய மனிதர்கள் காலை ஆறு மணிக்குக் கிண்டியில், ரேஸ் கோர்ஸ் ஓட்டப்பாதைக்கு நடுவே இருந்த கோல்ஃப் மைதானத்தில்தான் சிக்குவார்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். எனக்கு 27 வயது. அதுவரை நான் கையில் பிடித்துச் சுழற்றிய ஒரே ஆட்டச் சாமான் கிட்டிப்புள் கழி.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டாள், "யாரு சொல்லிக்குடுக்கறாங்க?"

"ஒரு கேடி."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோ ஒட்டியிருக்குமே, அந்தக் கேடியைத்தான் அவளுக்குத் தெரியும். மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, எந்த இடத்தில் எதை எடுத்து அடிக்க வேண்டும் என்று சொல்கிற ஆளுக்கும் அதே பேர்தான் என்று விளக்கினேன். "நல்ல சகவாசம்" என்று திரும்பவும் கரண்டியை எடுத்தாள்.

அந்தக் கேடிக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். காக்கிச் சட்டை, ரப்பர் செருப்பு, காதில் செருகிய பீடி. பத்து வயதில் பந்து பொறுக்க வந்தவராம். நான் அவரை "அண்ணே" என்றேன், அவர் என்னை "சார்" என்றார். வாத்தியார் பையனை சார் போட்டுக் கூப்பிடுகிற வேறு பள்ளிக்கூடத்தில் நான் படித்ததில்லை. ஒரு வேளைக்கு 20 ரூபாய். டீ தனி.

பாடம் சுருக்கமாக இருக்கும். "கோழிக்குஞ்சு புடிக்கிற மாரி புடி சார். சாவவும் கூடாது, ஓடவும் கூடாது." இது பிடி. "மண்டைய ஆட்டாத." இது தலை. "லெஃப்ட் கைய மடக்காத." இது மேலே ஏற்றும்போது. "இன்னா அவசரம்? பந்து எங்கியும் ஓடாது." இது எல்லாவற்றுக்கும்.

எனக்குக் கிட்டிப்புள்தான் எதிரி. அதில் புள்ளின் நுனியைத் தட்டி எழுப்பி, எழுந்ததை அடிக்க வேண்டும். எழுப்புவது நம் வேலை. கோல்ஃப் மட்டையில் அது நம் வேலையில்லை. இரும்பு முகத்தை ஏற்கெனவே சாய்த்து வைத்திருக்கிறார்கள், பந்தை அந்தச் சாய்வு எழுப்பிக்கொள்ளும். நாம் கீழ்நோக்கி அடித்து, பந்தைத் தொட்ட பிறகு மண்ணைத் தொட வேண்டும். இது புத்திக்குப் புரிய ஒரு நிமிஷம் போதும். கைக்குப் புரிய ஏழு மாதம் ஆனது. அதுவரை பந்துக்கு அரையடி முன்னாலேயே மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். "கெணறு வெட்றியா சார்?" என்பார்.

கிணறு தூர்ந்த பிறகு வந்தது ஸ்லைஸ். நேராகக் கிளம்புகிற பந்து பாதி வழியில் மனசு மாறி வலப்பக்கம் ஒடிந்து போகிற வியாதி. கோல்ஃப் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதுதான். அண்ணன் தந்த மருந்து, "லெஃப்ட்ல பாத்து நில்லு சார்." நின்றேன். பந்து இன்னும் அதிகமாக வலப்பக்கம் போனது. "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு." ஒரு கட்டத்தில் கொடி கிழக்கே இருக்க, நான் வடக்கே பார்த்து நின்றேன்.

சரி, மூலநூலையே பார்த்துவிடுவோம் என்று லஸ் நடைபாதைக் கடையில் பென் ஹோகனின் 'ஃபைவ் லெஸன்ஸ்' வாங்கினேன். 1957இல் வந்தது. ஹோகன் 1949இல் பஸ்ஸோடு கார் மோதி, திரும்ப நடப்பாரா என்று சந்தேகப்படும்படிக் கிடந்தவர். மறுவருஷமே யு.எஸ். ஓப்பன் ஜெயித்தார். அப்பேர்ப்பட்டவர் சொன்னால் கேட்க வேண்டாமா? அந்தப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. பந்திலிருந்து தோள் வரை சாய்வாக ஒரு பெரிய கண்ணாடிப் பலகை, அதில் தலைக்கு மட்டும் ஓட்டை. மட்டையை ஏற்றும்போது கண்ணாடியை உடைக்கக் கூடாது. எனக்கு ஏது கண்ணாடி? மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குச் சாய்வாகக் கயிறு கட்டி, அதன் கீழே நின்று வீசிப் பழகினேன். மூன்றாம் நாள் அம்மா அதில் புடவை காயப்போட்டாள். கயிறு இருப்பது எதற்காம்?

புத்தகத்தைப் படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வந்தது. அண்ணன் சொன்னதெல்லாம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. மடங்காத இடது கை இருந்தது. கோழிக்குஞ்சு வேறொரு அமெரிக்கருடையது. சாம் ஸ்னீட் சொன்னதாகப் புழங்குகிற உவமை அது, அங்கே வெறும் பறவை, கிண்டிக்கு வந்ததும் கோழிக்குஞ்சாகிவிட்டது. கேட்டே விட்டேன்.

"ஆமா சார், சாருங்க பேசிக்கினு போவாங்க இல்ல? பின்னாடியே பையத் தூக்கினு போறவனுக்குக் காது கேக்காதா?"

அதாவது, எங்களை மாதிரி ஆட்கள் புத்தகத்தில் படித்து ஒருவருக்கொருவர் சொன்னதை அவர் முப்பது வருஷமாகக் காதில் வாங்கி, எங்களுக்கே மணிக்கணக்கில் திருப்பி விற்றுக்கொண்டிருந்தார். இதைவிட நேர்மையான வியாபாரம் நான் பார்த்ததில்லை. வால்வு வியாபாரத்தில் நிச்சயமாக இல்லை.

அவர் அடிப்பதை ஒரே ஒரு முறைதான் நிதானமாகப் பார்த்தேன். 1991இல் இந்தியன் ஓப்பனை அலி ஷேர் ஜெயித்த வாரம். டெல்லிக்காரர், கேடியின் மகன், தானும் கேடியாக இருந்தவர். அந்தப் பட்டத்தை வென்ற தொழில்முறை ஆட்டக்காரர்களில் முதல் இந்தியர். அந்த வாரம் முழுக்க அண்ணன் யாருக்கும் டீ வாங்கித் தரத் தயாராக இருந்தார். ஆள் அரவம் இல்லாத ஒரு மத்தியானம், தன் சொந்த மட்டையை எடுத்தார். யாரோ முறித்துப் போட்ட செவன் அயர்னை ஒட்டவைத்து, பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மட்டை மேலே போகப் போக இடது குதிகால் தரையை விட்டுத் தானாக எழுந்தது. இடுப்பு தாராளமாகத் திரும்பியது. தலை ஒரு நாலு விரல் வலப்பக்கம் நகர்ந்தது. இடது முழங்கை தளர்ந்து மடங்கியிருந்தது. மேலே ஒரு கணம் எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு குதிகால் இறங்கி மண்ணில் பதிந்தது. அது பதிந்த பிறகுதான் கை கீழே வரத் தொடங்கியது. சத்தம் மட்டும் காதில் இருக்கிறது, காய்ந்த விறகு நேர்வாக்கில் பிளக்கிற மாதிரி. பந்து நேராகப் போய், உச்சியில் துளி இடப்பக்கம் சாய்ந்து, கொடிப் பக்கத்தில் இறங்கியது.

"அண்ணே, குதிகால் தூக்குறீங்க, கை மடங்குது, தலை ஆடுது" என்றேன்.

"அதான் சார், நம்மளுது தப்பாட்டம். நான் பண்றதப் பாக்காத. சொல்றத மட்டும் செய்."

நான் கீழ்ப்படிந்த மாணவன். செய்தேன்.

1992 வாக்கில் அமெரிக்காவில் ஜிம் மெக்லீன் என்ற பயிற்சியாளர் எக்ஸ் ஃபேக்டர் என்று ஒன்றை எழுதி, உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. தோள் எவ்வளவு திரும்புகிறதோ அதைவிட இடுப்பு எவ்வளவு குறைவாகத் திரும்புகிறதோ அவ்வளவு பலமாம். நான் இடுப்பைப் பூட்டி, குதிகாலைத் தரையில் ஆணியடித்து, தோளை மட்டும் முறுக்கினேன். ஈரத்துணி பிழிவதுபோல. தூரம் கூடவில்லை. கீழ்முதுகில் நாலாவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் ஆகிவிட்டன. 1998இல் கம்பெனி என்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றியபோது மட்டைப்பையைப் பரணில் போட்டேன். எட்டரை வருஷக் கோல்ஃபில் கம்பெனிக்குக் கிடைத்த வால்வு ஆர்டர்கள்: பூஜ்யம்.

பையில் மரத்தலை வைத்த டிரைவர் ஒன்று இருந்தது. பெர்சிமன் மரம். நம் ஊர் பீடி இலை மரத்துக்கும் கருங்காலிக்கும் ஒன்றுவிட்ட உறவு அது, மூன்றும் ஒரே பேரினம். துரைமார் உறவைத் தலையில் வைத்து அடித்தார்கள், அண்ணன் உறவைப் புகைத்தார். இன்றைய டிரைவரில் மரம் கிடையாது. டைட்டானியத் தலை, 460 கன சென்டிமீட்டர் வரை அனுமதி. பார்வைக்குச் சின்னப் பப்பாளி.

இனி இந்தக் காலம். எனக்கு 63. ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் சும்மா இருந்து எல்லோரையும் திருத்துகிறார் என்று, பிறந்த நாளுக்கு மகள் பத்து வகுப்புகள் பணம் கட்டினாள். ஓ.எம்.ஆரில் ஒரு கட்டடத்தின் அடித்தளம். வெயில் இல்லை, புல் பச்சைக் கம்பளம், எதிரே திரையில் ஸ்காட்லாந்து. பயிற்சியாளருக்கு 24 வயது. அவரும் என்னை "சார்" என்கிறார், ஆனால் இந்தமுறை அது வயதுக்கு. ஒரு மணி நேரம் 1800 ரூபாய், காபி இலவசம்.

பின்னால் ஒரு ரேடார் பெட்டி. ஏவுகணையைத் தொடர்ந்து பார்க்கிற அதே டாப்ளர் வித்தையைப் பந்துக்குத் திருப்பியது 2003இல் தொடங்கிய டிராக்மேன் என்ற டென்மார்க் நிறுவனம். மட்டை பந்தைத் தொடுவது அரை மில்லிசெகண்ட்தான். அந்த அரை மில்லிசெகண்டைப் பற்றித் திரையில் இருபதுக்கு மேற்பட்ட எண்கள் வருகின்றன. என் கல்யாணத்துக்குப் பார்த்த பொருத்தமே பத்துதான்.

முதல் நாள் செவன் அயர்ன் எடுத்து அடித்தேன். திரை 140 கஜம் என்றது. முப்பது வயதில் 130 போவதே பாடு! வயது என்பது மனசில்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "சார், அந்தக் காலத்து செவன் அயர்ன் சாய்வு 36 டிகிரி இருக்கும். இப்போ வர்றது பல மட்டையில 30க்கும் கீழ. உங்க பழைய ஃபைவ் அயர்ன்லதான் செவன்னு எழுதியிருக்காங்க" என்றார் பையன். விலைவாசி ஏற, ரூபாய் நோட்டில் எண்ணை மாற்றுகிற மாதிரி.

பிறகு ஸ்லைஸுக்கு வந்தோம். இங்கேதான் எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. நாங்கள் படித்த சட்டம் இது: மட்டை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் வளையும். புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ரேடார் வந்து பார்த்தால் ஏறக்குறைய தலைகீழ். பந்து கிளம்பும் திசையில் முக்கால் பங்குக்கு மேல் முகம்தான் தீர்மானிக்கிறது. வளைவு, முகத்துக்கும் மட்டை வரும் வழிக்கும் உள்ள வித்தியாசத்தால் வருகிறது. என் பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் ஒடிந்தது அல்லவா? பழைய சட்டப்படி வழி சரி, முகம் கோணல். எனவே எட்டரை வருஷம் பிடியைத் திருப்பித் திருப்பி முகத்துக்கு வைத்தியம் பார்த்தேன். புதுச் சட்டப்படி முகம் சரி, வழிதான் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. இடப்பக்கம் பார்த்து நிற்க நிற்க அந்த வெட்டு அதிகமாகும். நோய் ஒன்று, மருந்து இன்னொன்றுக்கு, அதுவும் நோயை வளர்க்கிற மருந்து.

"வழியை எப்படி மாத்தறது தம்பி?"

"சார், நீங்க இடுப்பைப் பூட்டி வச்சிருக்கீங்க. இந்த வயசுக்கு அது வேணாம். இடது குதிகாலைத் தூக்கிடுங்க, இடுப்பு திரும்பட்டும். தலை கொஞ்சம் நகர்ந்தா பரவாயில்ல. கையும் விறைப்பா வேணாம், லேசா மடங்கட்டும். கீழ வரும்போது முதல்ல குதிகால் இறங்கணும், அப்புறம்தான் கை."

பிறகு செல்போனில் பாபி ஜோன்ஸின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டுக் காட்டினார். 1930இல் ஒரே வருஷத்தில் நாலு பெரிய பட்டமும் அடித்தவர். குதிகால் அழகாக எழுந்தது. பையன் மெதுவாக்கி, நிறுத்தி, மஞ்சள் கோடு போட்டு விளக்கினார். ஏறுவதற்கு மூன்று பங்கு நேரம், இறங்குவதற்கு ஒரு பங்கு என்றார். எனக்கு அந்தப் படம் புதிதாக இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சைக்கிள் ட்யூப் சுற்றிய மட்டையோடு யாரோ ஆடியது அது.

என் ஸ்விங்கை ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவை படம் எடுத்து மகளுக்கு அனுப்புகிறார்கள். அண்ணனுடையதை யாரும் எடுக்கவில்லை. அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எங்கே போனார் என்று நான் அந்தக் காலத்தில் கேட்டுக்கொள்ளவுமில்லை. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. மழைத் தண்ணீருக்காக அங்கே குளங்கள் வெட்டியிருக்கிறார்கள். கிணறு வெட்டுகிறாயா என்று அவர் கேட்ட இடம் எது என்று இனி அடையாளம் சொல்ல முடியாது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது 1990ஐ ஒட்டி அங்கே ஆடியிருக்கலாம். அந்த நாளில் துபாயிலிருந்து வந்த வீடியோ கேமராவை மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த சார்களும் சிலர் இருந்தார்கள். பரணில் அந்தக் கேசட் இருந்தால் தயவுசெய்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீங்கள் அடிப்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பின்னால், ஓரத்தில், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சும்மா மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தால் பத்திரிகை முகவரிக்குத் தகவல் சொல்லுங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குதிகால் தெரிந்தால் போதும்.