கண்ணாடிக்குள் கற்பிட்டி

காற்றைத் தேடித்தான் கற்பிட்டிக்கு ஆள் வருகிறான். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறான். அவனுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் அறையோ மேற்கு வெயிலுக்கு முகம் காட்டும் முழுக் கண்ணாடி. ஜன்னல் திறக்காது, ஏசி நிற்காது. கட்டட வலுச் சிக்கன விதிக்கோவை 2008இலேயே வந்துவிட்டதே என்று மேசன் பாஸிடம் கேட்டேன். “அது கொழும்புப் பெரிய கட்டடத்துக்கு நானா” என்றார். சும்மா சொல்லக்கூடாது, பாதி உண்மை.

பக்கத்தில் பழைய கிடுகு வாடி: தாழ்ந்த தாவாரம், எதிரெதிர் வாசல், உள்ளே குளிர்ச்சி. விதிக்கோவையை அது வாசித்ததில்லை. வரைபடமும் இல்லை, அனுமதி கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள்.

ஏசிக்கு மின்சாரமா? நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறதே. புகைபோக்கி கண்ணாடி வழியே தெரிந்தால் அதற்கும் சேர்த்துத்தான் அறை வாடகை.