முப்பது மதிப்பெண் தொடர்பாக

பெறுநர்: தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, புது தில்லி.

பொருள்: முனைவர் பட்டச் சேர்க்கை – நேர்காணல் – வழக்கத்தில் உள்ள கேள்விகளை விதியில் சேர்த்து அரசிதழில் வெளியிடுதல் – வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழுவின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள், 2016 மற்றும் 2022.

ஐயா / அம்மையீர்,

முனைவர் பட்ட நேர்காணலில் எதைப் பார்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தங்கள் குழு மூன்று விஷயங்களைச் சொல்லியிருந்தது. எடுத்துக்கொண்ட ஆய்வைச் செய்யும் திறன் விண்ணப்பதாரருக்கு இருக்கிறதா, அந்த நிறுவனத்தில் அதைச் செய்ய வசதிப்படுமா, அதனால் அறிவுக்குப் புதிதாக ஏதாவது சேருமா. தங்கள் குழு இதோடு நிறுத்திக்கொண்டது. நேர்காணல் அறைகளில் உண்மையில் புழங்கும் கேள்விகள் அச்சகத்தில் விடுபட்டிருக்கும் என்ற நல்லெண்ணத்தில், அவற்றைத் தொகுத்துத் தங்கள் மேலான பார்வைக்கு அனுப்புகிறார் இந்த மனுதாரர்.

விடுபட்ட முதல் கேள்வி, "கைடு யாரு?" தங்கள் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கவும் கூடாது. எனவே நேர்காணலுக்கான தயாரிப்பு நூலகத்தில் தொடங்குவதில்லை, துறை வராந்தாவில் தொடங்குகிறது. யாரிடம் எத்தனை இடம் காலி, யார் எந்த மாதம் ஓய்வு பெறுகிறார் என்பதெல்லாம் விண்ணப்பதாரர்களுக்கு அத்துப்படி. பேராசிரியர்களின் பிறந்த தேதி அவரவர் பிள்ளைகளைவிட இவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். குழுவில் யார் உட்காருவார் என்று தெரியாததால், உட்காரக்கூடிய அத்தனை பேரின் நூல்களும் ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸின் துணைநூற்பட்டியலில் ஏறிவிடுகின்றன.

உதாரணத்துக்கு ஒரு விண்ணப்பதாரரை வைத்துக்கொள்வோம். நெல்லைப் பக்கத்துப் பெண், தமிழில் முதுகலை முடித்தவர். காலை பத்து மணிக்கு வரச் சொன்ன நேர்காணலுக்கு ஒன்பதரைக்கே வந்து, அசல் சான்றிதழ்கள் உள்ள பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஐந்து சினாப்சிஸ் நகல்களோடு வராந்தா பெஞ்சில் காத்திருக்கிறார். மூன்றரைக்குக் கூப்பிடுகிறார்கள். உள்ளே ஐந்து பேர். வடை வந்த தட்டுகள் இன்னும் எடுக்கப்படவில்லை.

"டாப்பிக் என்னம்மா?"

"தாமிரபரணிப் பாசனச் சொற்கள் ஐயா. மடை, மதகு, கலிங்குன்னு ஊர்ல இன்னமும் பேசுற சொற்களைக் கல்வெட்டுச் சொற்களோட வச்சுப் பார்த்து..."

"இதெல்லாம் பண்ணிட்டாங்களேம்மா."

யார் பண்ணினார், எந்த ஆண்டு என்று திருப்பிக் கேட்பது மரபில்லை. அவர் விழிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

"எந்த ஊரு?" சொல்கிறார். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொல்கிறார். சாதிச் சான்றிதழ் மேசைமேல்தான் கிடக்கிறது. இருந்தாலும் அதைத் தெருவாரியாகச் சரிபார்ப்பதில் குழுவினர் காட்டும் அக்கறையை ஆய்வு முறையியல் பாடத்தில் சேர்க்கலாம். "கல்யாணம் ஆயிடுச்சா? இல்ல, பாதியில விட்டுட்டுப் போயிடக் கூடாது பாருங்க." அவ்வளவுதான். பத்து நிமிடம். மதிப்பெண் முதலில் பென்சிலில் விழுகிறது, பட்டியல் போன பிறகு பேனாவாகிறது.

அந்தப் பத்து நிமிடத்தின் வலிமை தாங்கள் அறியாததல்ல. எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்பது கணக்கு. எழுத்தில் 56 வாங்கியவருக்கு நேர்காணலில் 4, எழுத்தில் 40 வாங்கியவருக்கு 27 என்று வைத்துக்கொள்வோம். பதினாறு மதிப்பெண் முன்னால் நின்றவர் வெளியே வரும்போது ஏழு மதிப்பெண் பின்னால் நிற்பார். ஏன் 4, ஏன் 27 என்பதற்கு எழுத்தில் ஒரு வரி விளக்கம் அவர் கைக்கு வராது.

ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களின் நிலை இன்னும் சுவையானது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் எல்லோரையும் முந்தியவர்கள் அவர்கள்தான். அதற்குப் பரிசாக, சேர்க்கையில் அவர்களுடைய தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், நேர்காணல் மட்டும் போதும் என்று விதி சொல்கிறது. நெட்டில் தேறிய மற்ற இரண்டு பிரிவினருக்கு 2024 முதல் நெட் மதிப்பெண் 70 விழுக்காடாகச் சேர்கிறது. ஆனால் அது ஆவின் பால் பாக்கெட் மாதிரி தேதி போட்டு வருகிறது; ஓராண்டுக்குள் கைடும் இடமும் அமையாவிட்டால் திரும்பத் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேர்வும் 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதி, மறுநாளே ரத்தானது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 அன்றுதான் தொடங்கியது. விண்ணப்பதாரர்களின் பொறுமையைச் சோதிக்க இதைவிடச் சிறந்த ஆய்வு வடிவமைப்பு இல்லை.

பழைய கோப்பு ஒன்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விவரங்களை ஆராய்ந்த அப்துல் நஃபே குழு, எல்லாச் சமூகப் பிரிவுகளிலும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பாகுபாட்டைக் காட்டுவதாக 2016இல் சொன்னது. வாய்மொழித் தேர்வை 30இலிருந்து 15ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. 15 கேட்டவர்களுக்குக் கிடைத்தது 100. தங்கள் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையைப் பின்பற்றி, அடுத்த ஆண்டுச் சேர்க்கையில் எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வானது. முடிவு முழுவதும் நேர்காணலுக்குப் போனது. சேர்க்கையிலும் இல்லை, வாய்மொழித் தேர்விலும் இல்லை சமத்துவம் என்று சேலத்திலிருந்து அங்கே படிக்கப்போன தலித் ஆய்வு மாணவர் ஒருவர் 2017 மார்ச்சில் முகநூலில் எழுதினார். சில நாட்களில் இறந்துபோனார். இதில் பகடி செய்ய ஒன்றுமில்லை.

2018இல் ஒழுங்குமுறைக்குத் திருத்தம் வந்து 70:30 திரும்பியது. முப்பது எப்படிப் போடப்படுகிறது என்பது மட்டும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இரண்டில் ஒன்று. தெரு, திருமணம், கைடு ஆகிய மூன்றுக்கும் தலா பத்து மதிப்பெண் என்று வெளிப்படையாக அரசிதழில் அறிவித்துவிடலாம். பிள்ளைகள் தெருவையாவது முன்கூட்டியே மாற்றிக்கொள்வார்கள். அல்லது, 2016இல் எழுதிய அந்த மூன்று விஷயங்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதி, குழுவினர் கையெழுத்தோடு விண்ணப்பதாரரிடம் தரச் சொல்லலாம். இரண்டாவது வழிக்கு ஒரே ஒரு தாள்தான் செலவு.

ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
காத்திருப்போர் பட்டியலில் உள்ள விண்ணப்பதாரர்

இணைப்பு: சான்றிதழ் நகல்கள், மூன்று செட், சுய சான்றொப்பத்துடன். சினாப்சிஸ் ஒன்று, இதுவரை யாரும் பிரிக்காதது.