இரண்டு ட்ரக்குகளின் சொந்தக்காரி

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டுக்குப் பிரயாணம் செய்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்து எலுமிச்சம்பழத்தைத் தேடத் தொடங்குவதற்குச் சற்று முன்பாகவே அமைந்திருக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வெகுகாலமாக வசித்துவரும் எனக்கு, சக்கர சாஸ்திரத்தில் பிறரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஏதுமில்லை என்ற கர்வம் சென்ற மாதம் வரையில் இருந்தது.

அந்தக் கர்வத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பால்யத்தில் நான் ஒரு பேரிங் வண்டிக்கு அதிபதியாக இருந்தவன். லாரிப் பட்டறைகளில் தேய்ந்துபோயிற்றென்று கழற்றி எறியும் பேரிங்குகளில் மூன்றைக் கெஞ்சி வாங்கி, முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாகப் பலகையில் பொருத்தி, சரிவான தெருவில் ஏறி உட்கார்ந்துவிட்டால், வண்டிக்கு முன்பே அதன் இரைச்சல் போய்ச் சேர்ந்து, திண்ணைகளில் பகல் நித்திரை செய்துகொண்டிருந்த பெரியவர்களையெல்லாம் எழுப்பி, என் வம்சத்தைப் பற்றிய தங்கள் அபிப்பிராயங்களை அவர்கள் உரத்த குரலில் வெளியிடும்படி செய்துவிடும். பிரேக் என்பது என் குதிகால். ஸ்கேட்போர்டு என்னும் சக்கரப் பலகை பிறந்த ஆதியில் அமெரிக்கச் சிறுவர்களும் ரோலர் ஸ்கேட்டின் இரும்புச் சக்கரங்களைப் பலகையில் அறைந்துதான் ஓடினார்களாம். பிறகு களிமண் கலந்த சக்கரம் வந்து, 1970-களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்னும் இளைஞர் பாலியூரித்தேன் சக்கரத்தை மாட்டிக் காட்டிய பின்னரே அவர்களுடைய பற்களுக்கு விமோசனம் பிறந்தது. எங்களுக்கு அந்த விமோசனம் கிட்டவே இல்லை.

என் பேத்திக்கு வயது 12. டோக்கியோ ஒலிம்பிக்கில் மொமிஜி நிஷியா என்ற ஜப்பானியச் சிறுமி 13 வயதில் ஸ்கேட்போர்டுக்குத் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டாள் என்பதையும், ஆகையால் தனக்கு இன்னும் ஒரே ஒரு வருஷந்தான் அவகாசம் இருக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டி, பெங்களூரில் இருக்கும் தன் தாய்மாமனிடமிருந்து ஒரு ஸ்கேட்போர்டைத் தருவித்துவிட்டாள். அதன் சக்கரங்கள் 52 மில்லிமீட்டர் விட்டமும் 99ஏ கடினமும் கொண்டவை. தார் கரைந்து ஜல்லி பல்லைக் காட்டும் எங்கள் தெருவில் முதல் நாளே, புளியங்கொட்டை அளவு கல் ஒன்று முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க, பலகை அங்கேயே நின்றது. பேத்தி மட்டும் பிரயாணத்தைத் தொடர்ந்து, வீடு கட்டுவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் கொட்டிவைத்திருந்த மணலில் போய் இறங்கினாள்.

"அப்புச்சி, வீல் மாத்தோணும். ட்ரக்கும் டைட்டா இருக்குது" என்றாள்.

இதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்தவர், 30 வருஷம் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அடுத்த வீட்டு நண்பர்.

"எத்தன ட்ரக்கு வெச்சிருக்கற கண்ணு?"

"ரெண்டுங்க தாத்தா."

"நேசனல் பெர்மிட்டுங்களா?" என்று என்னைப் பார்த்து மரியாதையுடன் கேட்டார்.

பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்கே அந்த உலகத்தில் ட்ரக் என்று பெயர் என்பதை அவருக்கு விளக்குவதற்குள் ஒரு காபி ஆறிப்போயிற்று.

அதன் பின்பு நாங்கள் மூவரும் ஆராய்ச்சியில் இறங்கினோம். சக்கரத்தின் மீது முனையொன்றை அழுத்தி, அது எவ்வளவு இறங்குகிறதென்று பார்த்து, 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அதுதான் அந்த 'ஏ' கணக்கு. மல்கோவாவை விரலால் அமுக்கியே ஜாதகம் சொல்லும் சேலத்துக்காரனுக்கு இது புதிய வித்தையல்ல. ஆனால் நூற்றுடன் முடிய வேண்டிய அளவுகோலில் 101ஏ என்றும் சக்கரம் விற்கிறார்கள் என்று அறிந்தபோது, நூற்றுக்கு 35 வாங்கவே மூச்சுத் திணறிய என் பள்ளி நாட்களை எண்ணிச் சிறிது நேரம் மௌனமாக இருந்தேன்.

நண்பர் ஒரே வாக்கியத்தில் சித்தாந்தத்தை முடித்தார்: "ரோட்டப் பாத்து டயரு எடுக்கோணுங்க, டயரப் பாத்து எடுக்கக் கூடாதுங்க." உண்மைதான். வழவழப்பான தரையில் கடினமான சிறு சக்கரம் நசுங்காமல் விரைந்து ஓடும், சட்டென்று வேகமெடுக்கும், வித்தை காட்டக் குதிப்பவர்களுக்குக் கனமாகவும் இராது. கரடுமுரடான சாலையிலோ அதே சக்கரம் ஒவ்வொரு கல்லிடமும் நின்று குசலம் விசாரித்து, ஓட்டத்துக்குரிய சக்தியையெல்லாம் முழங்காலில் நடுக்கமாக இறக்கிவிடுகிறது. அங்கே பெரிய, மெத்தென்ற சக்கரந்தான் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். துல்லியத்தின் தரத்தைக் காட்டும் ஏபெக் எண் பொறித்த விலையுயர்ந்த பேரிங் வேண்டும் என்றும் பேத்தி ஒரு விண்ணப்பம் வைத்தாள். எங்கள் தெருப் புழுதிக்கு அது பட்டுப்புடைவை கட்டிக்கொண்டு நாற்று நடுவதற்கு ஒப்பாகும் என்று அதை நான் நிராகரித்தேன்.

60 மில்லிமீட்டர், 78ஏ என்று நிர்ணயித்துத் தருவித்தோம். மாட்டியதும் புதுச் சங்கடம் ஒன்று முளைத்தது: திரும்புவதற்காகப் பலகையைச் சாய்த்தால், பெரிய சக்கரம் அதன் அடிவயிற்றில் முட்டி நின்றுவிடுகிறது. மணல் குவியலோ அதற்குள் சுவராக மாறிவிட்டிருந்தது. இதற்கென்றே பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவே வைக்கும் தட்டுகள் விற்கின்றனவாம். நண்பர் எழுந்து போய், பழைய லாரி மட்கார்டு ரப்பரில் இரண்டு துண்டு வெட்டிவந்து, துளையிட்டு, சற்று நீளமான போல்ட்டுகளால் முடுக்கினார். மாதம் ஒரு முறை முன்வலதைப் பின்னிடதுக்கும், முன்னிடதைப் பின்வலதுக்கும் மாற்றினால் நான்கும் சமமாகத் தேயும் என்பதையும் அவரே சொல்லிவைத்தார். இப்போது பேத்தி வீதிக்கோடிவரை ஓசையின்றிப் போய்வருகிறாள். திண்ணைப் பெரியவன் என்ற பதவியில் இன்று இருக்கும் எனக்கு நித்திரை பங்கமில்லை.

கழற்றிய 99ஏ சக்கரங்கள் நான்கையும் என் மனைவி வீணாக்கவில்லை. சமையலறை மொசைக் தரையில், காஸ் சிலிண்டர் வைக்கும் பலகையின் கீழ் அவை அபார வேகத்துடன் ஓடுகின்றன. நேரே போகும், திரும்ப மட்டும் தெரியாது. பார்க்க விரும்பும் அன்பர்கள் தாராளமாக வரலாம். சிலிண்டர்ப் பலகையின்மேல் ஏறி நிற்கக் கூடாதென்று என் மனைவி சொல்லச் சொன்னாள். அந்தத் தடை முதலில் எனக்காக விதிக்கப்பட்டது.