கசாயம் குடித்தவர்கள் கை தூக்கவும்

2012-இல் டெங்கு தமிழ்நாட்டை உலுக்கியபோது பலத்த அடி வாங்கியது நெல்லைச் சீமைதான். கடையநல்லூரில் தெருத் தெருவாகப் படுத்துக் கிடந்தார்கள். அரசுக் கணக்கில் அந்த வருடம் மாநிலத்தில் 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு. பிறகு கடையநல்லூரே தென்காசி மாவட்டத்துக்கு மாறிவிட்டது. காய்ச்சல் விட்டுப்போன மூட்டுவலி மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது.

வற்றாத தாமிரபரணி ஓடும் சீமையில் டிரம்மில் தண்ணீர் பிடித்துவைக்கும் பிழைப்பு. டிரம்மில் கொசுப்புழு இருந்தால் அபராதம் நமக்கு.

அரசு சும்மா இருக்கவில்லை. அண்டா அண்டாவாக நிலவேம்புக் குடிநீர். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்படாகம், சுக்கு, மிளகு சேர்த்து ஒன்பது சரக்கு. கட்சிக்காரர் ஊற்றினார். கவுன்சிலர் ஊற்றினார். ரசிகர் மன்றம் ஊற்றியது. குடித்தவனின் கை மட்டும் டம்ளரோடு போட்டோவில் விழுந்தது.

கசாயத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்க்காரன் நான். என் கேள்வி வேறு. குடித்தவன் எப்படி இருக்கிறான், குடிக்காதவன் எப்படி இருக்கிறான் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்க எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தாரா? 2017-இல் கமல்ஹாசன், ஆராய்ச்சி முடியும்வரை விநியோகிக்க வேண்டாமென்று தன் ரசிகர்களிடம் சொன்னார். அவர் மேல் போலீசில் புகார் போனது.

புது மாத்திரையை மனிதருக்குக் கொடுத்துச் சோதிக்க 2019-இன் விதிகளைப் படித்துப் பாருங்கள். புரிகிற மொழியில் விளக்கம். கையெழுத்து. நெறிமுறைக் குழு. கேடு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு. அண்டாவுக்கு டம்ளர் போதும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் பீடி சுற்றுகிறார். போன ஐப்பசியில் காய்ச்சல். டெங்குவா, சிக்குன்குனியாவா? சீட்டில் ‘வைரல்’ என்று மட்டும் கிறுக்கியிருந்தது. அதற்கு முன் நாளைக்கு ஆயிரம் பீடி. சித்திரை பிறந்தும் நானூறு தாண்டவில்லை. வீம்புக்கு ஒருநாள் எழுநூறு சுற்றினால் அடுத்த இரண்டு நாள் முறத்தைத் தொட முடியாது. இலை வெட்டும் கத்தரி விரலில் நிற்காது. ஆஸ்பத்திரிக்குப் போனார்.

“காய்ச்சல்தான் விட்டுட்டுல்லா, பெறகென்ன?” என்றார் டாக்டர். சத்து மாத்திரை எழுதினார். மாமியார் சோம்பேறித்தனம் என்றார். மாமியார் எம்.பி.பி.எஸ். படித்தவரில்லை. ஆனாலும் இருவரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அரசும் அதே முடிவுதான். 2006 சிக்குன்குனியாவில் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேர் விழுந்தார்கள். ஏட்டில் சாவு பூஜ்யம். கூன் விழுந்து சுவரைப் பிடித்து நடந்தவர்களுக்கு ஏட்டில் கட்டமே கிடையாது.

எழ முடியாமல் கிடப்பவர்கள் பிரிட்டனிலும் உண்டு. அங்கே தீராச் சோர்வு நோயாளிகள் 641 பேரை வைத்து ஆய்வு நடத்தினார்கள். உடற்பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தேறலாம் என்று 2011-இல் அறிவித்தார்கள். நோயாளிகள் நம்பவில்லை. தரவைக் கொடு என்று மல்லுக்கட்டினார்கள். 2016-இல் தீர்ப்பாயம் கொடுக்கச் சொன்னது. 2021-இல் அந்தப் பயிற்சி அந்நாட்டுச் சிகிச்சை நெறிமுறையிலிருந்தே தூக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தபடி சாதித்தார்கள். நாம் யாரிடம் தரவு கேட்பது? அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

தரவு ஓரிடத்தில் இருக்கிறது. அக்காவின் பீடிக் கடைப் புத்தகத்தில். ஆயிரம், ஆயிரம், தொள்ளாயிரம். பிறகு ஒரு மாதம் வெறும் கோடு. பிறகு இருநூற்றைம்பது, நானூறு, எழுநூறு, கோடு, கோடு. ஆராய்ச்சிக்காரர்கள் எவரேனும் வந்தால் காட்டத் தயாராக இருக்கிறார். கையெழுத்தும் போடுவார். ஆனால் மதியத்துக்கு மேல் வாருங்கள். காலையில் அவருக்கு விரல் மடங்குவதில்லை.