பெயர் சூட்டும் துறையினருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: முப்பதாயிரம் ரூபாய்க்குள் பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க நினைப்போர் சார்பில் ஒருவன்.

பெறுநர்: என்விடியா, ஏஎம்டி, இன்டெல் நிறுவனங்களில் பொருள்களுக்குப் பெயர் சூட்டும் துறைத் தலைவர்கள்.

பொருள்: ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்கும் தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி கூறுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அட்டைப்பெட்டிகளும், அவற்றின் பின்புறம் உள்ள பொடியெழுத்துகளும்.

பெருமதிப்பிற்குரியீர்,

சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை வந்து நின்று பாருங்கள். கையில் கொட்டேஷன் சீட்டோடு ஒரு கல்லூரி மாணவன் கடை கடையாக ஏறி இறங்குவான். வீட்டில் இருப்பது அண்ணன் காலத்து அசெம்பிள் செட். கேபினட்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

"அண்ணா, 1030 கார்டு இருக்கா?"

"இருக்கு தம்பி. எந்த 1030?"

இப்படித் திருப்பிக் கேட்கிற கடைக்காரர் புண்ணியவான். எல்லாரும் கேட்பதில்லை. கேட்காதவரைக் குறை சொல்லவும் முடியாது. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பதைத்தானே அவரும் படிக்கிறார்.

என்விடியா துறைத் தலைவரே, 2017-ல் தாங்கள் விட்ட ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டில் இருந்தது ஜிடிடிஆர்5 மெமரி. நொடிக்கு 48 ஜிபி தரவு ஓடியது. மறு ஆண்டே டிடிஆர்4 மெமரி போட்டு இன்னொன்றை இறக்கினீர்கள். அதில் ஓடுவது 17 ஜிபிக்கும் குறைவு. பெயர் என்னவோ அதே ஜிடி 1030. விமர்சனங்களில் எல்லாரும் படித்தது முதலாவதைப் பற்றி. கடையில் கைக்கு வந்தது இரண்டாவது. மூத்தவனைக் காட்டிப் பெண் பேசிவிட்டு, முகூர்த்தத்தன்று இளையவனை மணவறையில் உட்கார வைப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் சொல்வார்கள். அதை இங்கே எழுதுவது மரியாதையாகாது.

இது தங்களுக்கு முதல் அனுபவமும் அல்ல. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல் 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு. மெமரியில்தான் வித்தியாசம் என்று நம்பி, காசு குறைவாக உள்ளவர்கள் 3 ஜிபியை எடுத்தார்கள். உள்ளே 1280 கோர்கள் 1152 ஆகியிருந்தன. ஆர்டிஎக்ஸ் 3050-லும் அதே கைவண்ணம்: 2022-ல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர்கள், 2024-ல் வந்த 6 ஜிபி கார்டில் 2304. மெமரிக்குப் போகும் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கியது. நியாயமாகச் சொன்னால் அந்த 6 ஜிபி கார்டு மோசமில்லை. 70 வாட்டில் ஓடும், எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியிலிருந்து தனி ஒயர் கேட்காது, பழைய செட்டுக்கு அது பெரிய உபகாரம். அதை 3040 என்று சொல்லி விற்றிருந்தால் நாங்களே கும்பிட்டு வாங்கியிருப்போம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த இரட்டைப் பிறவிகள் பெரும்பாலும் கீழ்த்தட்டிலேயே பிறக்கின்றன. லட்சத்துக்கு மேல் கொடுத்து 4090 வாங்கப் போனவரிடம் எந்தக் கடைக்காரரும் "எந்த 4090?" என்று கேட்டதில்லை. (சீனாவுக்கென ஒரு டி சேர்த்தீர்கள், அது அரசியல்.) குழப்பத்தை ஏழைக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் இந்தச் சமூக அக்கறையை எப்படிப் பாராட்டுவது!

ஏஎம்டி துறைத் தலைவர் பொறாமைப்பட வேண்டாம். 2022 ஏப்ரலில் ரைசன் 5 5500-ஐயும் 5600-ஐயும் சேர்த்தே விட்டீர்கள். எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5600-ல் எல்3 கேச் 32 எம்பி, 5500-ல் 16. அதோடு கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ-யில் 5500-க்குத் தெரிந்தது 3.0 மட்டுமே. அதே ஆண்டு ஜனவரியில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டையும் தந்தீர்கள். 16 தடங்கள் உள்ள ஸ்லாட்டில் உட்கார்ந்துகொண்டு நான்கே தடங்களைப் பயன்படுத்தும் கார்டு அது. 4.0 போர்டில் சமாளித்துவிடும். 3.0-வில் அந்த நான்கு தடங்களின் வேகமும் பாதியாகிறது. 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் தள்ளாடும். இனி சொல்லுங்கள், கையில் காசில்லாதவன் எந்தப் பிராசஸரோடு எந்தக் கார்டைச் சேர்த்து வாங்குவான்? இரண்டிலும் விலை குறைந்ததைத்தான். இரண்டும் தங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், ஒன்றுக்கொன்று ஆகாது என்பதைப் பெட்டியில் எங்காவது சொன்னீர்களா?

இன்டெல் துறைத் தலைவருக்குச் சுருக்கமாக இரண்டு. 12400 என்ற பிராசஸரின் பெயருக்குப் பின்னால் ஓர் எஃப் சேர்த்து விலையைக் கொஞ்சம் குறைத்தீர்கள். அந்த எஃப் இருந்தால் பிராசஸரில் கிராபிக்ஸ் இல்லை என்று தெரியாமல், கார்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று செட்டைப் பூட்டியவர்கள், "டிஸ்பிளே வரல" என்று கடைக்கு ஓடி வந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது, 2017 அக்டோபர். எட்டாம் தலைமுறைப் பிராசஸருக்கும் எல்ஜிஏ 1151 என்ற அதே சாக்கெட். பழைய போர்டில் அழகாக உட்காரும், ஓடாது. மின்சாரத் தேவை மாறிவிட்டது என்றீர்கள். பிறகு சில வல்லவர்கள் பயாஸை மாற்றி, பின்களை ஒட்டி மறைத்து, பழைய போர்டிலேயே அதை ஓட்டிக் காட்டினார்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வந்ததோ!

இத்தனையும் எழுதுவது வீண் என்று நாங்கள் நினைக்கவில்லை. முன்னுதாரணம் உண்டு. 400 வரிசைப் போர்டுகளில் ஜென் 3 என்ற அடுத்த தலைமுறைப் பிராசஸர் ஓடாது என்று 2020-ல் அறிவித்த ஏஎம்டி, வாங்கியவர்கள் கூச்சல் போட்டதும் அதே மாதம் இறங்கி வந்தது. அதனால்தான் இன்றும் பழைய பி450 போர்டு வைத்திருப்பவன் பயாஸை அப்டேட் செய்து, பிராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். 2022-ல் 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு 4080-களை அறிவித்த என்விடியா, எதிர்ப்பு வலுத்ததும் 12 ஜிபியைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று விலையும் குறைத்து விற்றது. அது மேல்தட்டுக் கார்டு என்பதால் குரல் சீக்கிரம் கேட்டது. 1030-க்காக யார் கூச்சல் போட்டாலும் கேட்கவில்லை.

ஆகவே, உள்ளே சரக்கு குறைந்தால் எண்ணையும் குறைக்கவும், மெமரி எந்த வகை, எத்தனை தடம், படம் வருமா வராதா என்பதைப் பெயர் அச்சாகும் அதே அளவு எழுத்தில் பெட்டியின் முகப்பிலேயே அச்சிடவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பொடியெழுத்துகளின் வாசகன்.

நகல்: கொட்டேஷன் சீட்டோடு நிற்கும் தம்பிக்கு. பணம் கட்டுவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் படி. முழு மாடல் எண்ணைக் கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதச் சொல். எங்கே மிச்சம் பிடித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் பிடிக்காதே.