இரட்டை மோட்டாரும் ஒற்றை ஆசையும்

கேள்வி: ரேடியோவில் இயங்கும் இரட்டை எஞ்சின் மாடல் விமானத்துக்கு நல்ல பெரிய மோட்டார்களாக இரண்டு போட்டுவிட்டால், ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றுமே?

பதில்: வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று படுத்துக்கொண்டால், மற்றது எவ்வளவு பலசாலியோ அவ்வளவு சீக்கிரம் வண்டி வரப்பில் ஏறும். மோட்டாரும் அப்படித்தான். றெக்கையில் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் விமானம் நின்ற மோட்டார் பக்கமாகத் திரும்பும். வேகம் குறைந்திருந்தால் சுக்கான் அதைத் தடுக்காது, கவிழும். ஆகவே கணக்கு எடையிலிருந்து தொடங்கட்டும். சாதாரணப் பறப்புக்கு கிலோவுக்குச் சுமார் 200 வாட் போதும். ஒன்றரை கிலோ விமானம் என்றால் மோட்டாருக்கு 150 வாட். அதற்கு மேல் போடுவது பெருமைக்கு, அதையும் பேட்டரிதான் சுமக்க வேண்டும்.

'மின் மோட்டார் பெட்ரோல் எஞ்சின் மாதிரி சட்டென்று நிற்காதே' என்பீர்கள். உண்மை. ஆனால் நிற்கவே வேண்டியதில்லை, ஒன்று சற்றுச் சோம்பினாலே போதும். இரண்டு வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கும் திராட்டில் அளவை ஒன்றுபோல் பதியவைக்காவிட்டால், புதிய மோட்டார்களும் ஆளுக்கொரு வேகத்தில் சுற்றும். சுற்றும் திசையும் ஒரு தொல்லைதான். இரண்டாம் உலகப்போரின் இரட்டை எஞ்சின் விமானமான மொஸ்கிட்டோவில் இரு புரொப்பெல்லர்களும் ஒரே திசையில் சுற்றியதால் ஓடுபாதையிலேயே அது ஒரு பக்கம் இழுத்தது. பி-38 விமானத்தில் எதிரெதிராகச் சுற்றவிட்டு அந்தத் தொல்லையைத் தவிர்த்தார்கள். மாடலில் அதைச் செய்வது இன்னும் சுலபம்: எதிர்த்திசை புரொப்பெல்லர் ஒன்றை வாங்கி, அந்த மோட்டாரின் மூன்று வயர்களில் இரண்டை மாற்றிச் சொருகினால் முடிந்தது. கடைசியாக, எடைச் சமநிலை: மோட்டார்கள் மூக்கில் இல்லாததால் வால் கனக்கும். பேட்டரியை முன்னால் தள்ளி, எடைமையம் றெக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு பின்னால் விழும்படி பாருங்கள்.