ஒண்டிக்கடையிலிருந்து உம்ராவுக்கு

கே: ரமலானில் உம்ரா செய்தால் ஹஜ்ஜுக்குச் சமமாமே. அப்போ ஹஜ் செலவு மிச்சம்தானே?
– ஜீப் ஓட்டுநர், ஒண்டிக்கடை

ப: நன்மையில் சமம், கடமையில் இல்லை. வீட்டிலிருந்த இரண்டு ஒட்டகத்தில் ஒன்றைக் கணவரும் மகனும் கொண்டுபோக, மற்றது தண்ணீர் இறைக்க நின்றுவிட, வண்டியில்லாமல் ஹஜ் தவறிய மதீனத்துப் பெண்ணுக்கு நபிகள் நாயகம் சொன்ன வார்த்தை அது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உங்களிடமோ வண்டியும் இருக்கிறது, மிச்சம் பிடிக்கப் பணமும் இருக்கிறது. ஹஜ் உங்கள் மேல் கடமைதான்!

கே: பயணத்தில் நோன்பை விடலாமா?
– கல்லூரி மாணவர், சேலம்

ப: விடலாம், குர்ஆனே தந்த சலுகை. விட்டதை எண்ணி வைத்துப் பிறகு நோற்றுவிட வேண்டும். ஆனால் ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறித் தலை சுற்றியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரும்பாலான ஆலிம்களிடம் 80 கிலோமீட்டராவது காட்ட வேண்டும்.

கே: நோன்போடு உம்ரா செய்ய உடம்பு தாங்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகலூர்

ப: உம்ரா என்பது இஹ்ராம், கஅபாவை 7 சுற்று, ஸஃபா–மர்வா இடையே 7 நடை, பிறகு முடி களைதல். அந்த ஏழு நடையே சுமார் 3 கிலோமீட்டர். பகலில் முடியாதென்றால் நோன்பு திறந்தபின் இரவில் செய்யுங்கள், ரமலான் நன்மை குறையாது. கடைசிப் பத்து நாளில் மட்டும் கூட்டம் ஏற்காடு கோடை விழா ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

கே: வட்டிக்கு வாங்கியாவது இந்த ரமலானில் போய்விடலாமா?
– மளிகைக் கடைக்காரர், ஏற்காடு

ப: மார்க்கம் தடுத்த வட்டியைக் கொடுத்து, மார்க்கம் கட்டாயப்படுத்தாத நேரத்தில் போவானேன்? ஏற்கெனவே கடன் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அடுத்த வருஷமும் ரமலான் வரும், கடன்காரர் மாதாமாதம் வருவார்.

கே: அங்கே நம்ம ஊர் காப்பி கிடைக்குமா?
– எஸ்டேட் தொழிலாளி, சேர்வராயன் மலை

ப: ஹரமில் நோன்பு திறக்கும் விரிப்பில் பேரீச்சம்பழம், ஜம்ஜம் தண்ணீர், கஹ்வா என்ற அரபுக் காப்பி எல்லாம் வரும். கஹ்வாவில் ஏலக்காய் உண்டு, பாலும் சர்க்கரையும் கிடையாது. முகம் சுளிக்காதீர்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி போடுவதற்கு முன்பே, ஹஜ் முடித்துத் திரும்பிய பாபா புதன் ஏமனிலிருந்து ஏழு கொட்டையை மறைத்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் நட்டதாகச் சொல்வார்கள். நீங்கள் ஜம்ஜத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது விமான நிலையத்தில் விதைக்குக் கெடுபிடி அதிகம்!